சுங்கம் தவிர்த்த பெட்டி

மணலி புதுநகரை அடுத்த சடையங்குப்பம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட ஊர். கொசத்தலை ஆற்றில் வெள்ளம் வரும்போதெல்லாம் செய்தித்தாளில் அதன் பெயர் அடிபடும். அங்கே பர்மா நகர் என்றொரு குடியிருப்பு உண்டு. மடிக்கணினியை வெளிநாட்டு விமானத்தில் கொண்டு செல்வது பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் குடியிருப்புதான். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். எல்லை கடக்கும் மனிதன் எதைத் தன்னுடையது என்று சொல்லி எடுத்துச் செல்லலாம் என்ற பழைய கேள்விதான் தொடர்பு.

இக்கேள்வி நமக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் சுங்கக் காவலர் பண்டங்களின் மேல் புலிச் சின்னம் பொறித்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. உல்கு என்ற சொல்லைத் திருக்குறளும் அரசனது வருவாய்களில் ஒன்றாக எண்ணுகிறது. முதற்குலோத்துங்கனுக்கோ ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பெயரே நிலைத்தது. வரி விதித்த மன்னர்கள் பலர். தவிர்த்ததற்காக நினைக்கப்படுபவன் அவன் ஒருவன்தான். வணிகப் பண்டத்துக்கும் வழிப்போக்கனின் மூட்டைக்கும் இடையே கோடு கிழிக்கும் அதிகாரம் அன்றும் இன்றும் துறையில் நிற்பவரிடமே இருக்கிறது.

அந்தக் கோடு எவ்வளவு கொடியதாக இருக்கக்கூடும் என்பதைப் பர்மாத் தமிழர் இருமுறை கண்டனர். முதல்முறை கோடு கிழிக்க ஆளே இல்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியர் இரங்கூன் மீது குண்டு வீசினர். 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர். இரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திவந்த வெ. சாமிநாத சர்மாவும் மனைவியோடு அவ்வாறு நடந்து வந்தவரே. ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ அந்த நடையின் பதிவு. அவ்வழியில் எடையைத் தீர்மானித்தவை கால்கள். இயலாதபோது ஒவ்வொன்றாகக் கீழே வைத்துவிட்டு நடந்தார்கள்.

இரண்டாம் முறை கோடு சட்டத்தின் பெயரால் வந்தது. 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 மார்ச்சில் இரங்கூன் கடைகள் நாட்டுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. தலைமுறைகளாகச் சேர்த்தவை இரண்டே மாதத்தில் போயின. கப்பலேறிய குடும்பங்கள் பணமும் நகையும் சிறு அளவுக்கு மேல் கொண்டுவர அனுமதிக்கப்படவில்லை. தமிழகம் வந்து சேர்ந்தோர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் பலர் இறங்கியது நம் சென்னைத் துறைமுகத்தில்தான்.

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின் பர்மா நகருக்குச் சென்றேன். கைக்குழந்தையோடு கப்பலேறி வந்த மூதாட்டி ஒருவர், நனைந்த காகிதங்களைக் கொடியில் துணி உலர்த்துவதுபோல் உலர்த்திக்கொண்டிருந்தார். குடும்பத்தினரின் புகைப்படம் ஒட்டிய பயணச் சான்று, பர்மிய எழுத்தில் ஒரு கடை உரிமம், கணவர் தமிழில் கணக்கெழுதிய ஒரு நோட்டுப் புத்தகம். இரங்கூன் சோதனையைப் பற்றிக் கேட்டேன். “நகையத்தான் தேடினாங்க தம்பி. இந்தக் காயிதத்த யாரும் திரும்பிக்கூடப் பாக்கல” என்றார். எல்லையில் தப்பி வந்தவற்றை ஐம்பது ஆண்டு கழித்து ஆற்று வெள்ளம் வந்து பிடித்துக்கொண்டது. மை கரைந்துகொண்டிருந்தது. எஞ்சியவற்றை ஒவ்வொரு தாளாகப் படமெடுத்து, அவர் பேச்சையும் ஒலிப்பதிவு செய்து, என் மடிக்கணினியில் சேர்த்தேன். அடுத்த சில மாதங்களில் மேலும் சில வீடுகளின் தாள்களும் அதில் சேர்ந்தன.

இனி அந்தக் கருவியின் கதை. 1981-இல் வெளிவந்த ஆஸ்போர்ன் 1 எடுத்துச் செல்லத்தக்க கணினிகளுள் முன்னோடி. எடை ஏறத்தாழ 11 கிலோ. விமான இருக்கைக்கு அடியில் வைக்கும் அளவில் செய்யப்பட்டது அது. பயணமே அதன் பிறப்புக்குக் காரணம் எனலாம். ஆயினும் நம் சுங்கச் சட்டம் அதைப் பயணியின் சொந்தப் பொருளாக ஏற்கக் காலம் பிடித்தது. விலையுயர்ந்த பொருளோடு வெளிநாடு போகிறவர், திரும்புகையில் வரி கேட்காதிருக்கப் புறப்படும்போதே சுங்கத்தில் சான்று பெற்றுக்கொள்வது வழக்கம். 2004 ஜனவரியில்தான் பதினெட்டு வயது நிறைந்த பயணி ஒரு மடிக்கணினியைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்ற விலக்கு வந்தது. நம் காலத்துச் சுங்கம் தவிர்ப்பு இது. உடுதுணி போல, ஒருவனுக்கு இயல்பாக உரிய பொருள் என்ற தகுதி மடிக்கணினிக்கும் கிடைத்தது.

இராஜாஜி சாலையில் சுங்க மாளிகை நிற்கும் அதே சாலையில்தான் 1969-இல் பர்மா பஜார் தோன்றியது. கொண்டுவர எதுவும் அனுமதிக்கப்படாத மக்கள், பிறர் கொண்டுவந்த வெளிநாட்டுப் பொருள்களை விற்றுப் பிழைத்தார்கள். எங்கள் தலைமுறை வானொலிப் பெட்டியையும் ஒலிநாடாப் பெட்டியையும் முதலில் தொட்டுப் பார்த்தது அங்கேதான். சுங்கத்தின் பட்டியலை அவ்வணிகர்களைப்போல் மனப்பாடமாக அறிந்தவர் வேறெவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

2017 ஏப்ரலில் ஒரு கருத்தரங்குக்காகத் துபாய் வழியே அமெரிக்கா செல்ல வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய மார்ச் 21 அன்று, துபாய், அபுதாபி, தோகா உள்ளிட்ட பத்து விமான நிலையங்களிலிருந்து அமெரிக்காவுக்கு நேரே பறப்போர், கைபேசியைவிடப் பெரிய மின்னணுக் கருவிகளைத் தம்மோடு வைத்துக்கொள்ளக் கூடாது என்று அந்நாடு ஆணையிட்டிருந்தது. 2016 பிப்ரவரியில் மொகதிசுவிலிருந்து கிளம்பிய ஒரு விமானத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பு இவ்வச்சத்துக்கு ஒரு பின்னணி. மடிக்கணினி போன்ற கருவியில் வெடிபொருள் மறைக்கப்பட்டதாக அப்போது கருதப்பட்டது. ஆனால் விமானப் பாதுகாப்பு வல்லுநர்களின் வழக்கமான அறிவுரை இதற்கு நேர்மாறானது. லித்தியம் மின்கலம் தீப்பற்றினால், பயணிகள் நடுவே என்றால் உடனே கண்டு அணைக்கலாம். பெட்டிகள் அடுக்கிய அடித்தளத்தில் கண்டறிவதும் அணைப்பதும் அரிது. உதிரி மின்கலங்களை அங்கே வைக்கவே கூடாது என்பது இன்றும் விதி. அவ்வாண்டு ஜூலைக்குள் தடை முழுதும் விலக்கப்பட்டது. நான் பறந்தது அதற்கு முன்பு.

துபாயில் கணினியை ஒப்படைத்தபோது, அதன் விலையை நான் எண்ணவில்லை. கரைந்துபோன மையின் கடைசிப் படங்கள் அதற்குள் இருந்தன. சட்டைப்பையில் ஒரு விரல்நீளப் பேனா நினைவகம் இருந்தது. முந்தைய இரவு அனைத்தையும் அதில் நகலெடுத்திருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை. கையில் பற்றியிருந்த பதினான்கு மணி நேரமும் மூதாட்டியின் சொல்லே நினைவில் நின்றது. காவலர் தேடும் பொருள் ஒன்று; இழக்கக் கூடாத பொருள் வேறொன்று.

கணினி நலமாகவே திரும்பக் கிடைத்தது. எனினும் அப்பயணம் எனக்கு ஒரு கடமையைக் காட்டியது. அந்தத் தாள்கள் என் பெட்டியில் ஒரே பிரதியாக இருந்தவரை, நானும் ஒரு சுங்கச் சாவடியாகவே இருந்தேன். ஏட்டுச் சுவடிகள் நம்மை வந்தடைந்தது யாரோ ஒருவர் பத்திரமாகப் பூட்டி வைத்ததால் மட்டும் அன்று. செல்லரிக்குமுன் இன்னொருவர் படியெடுத்ததாலும்தான்.

சென்னை திரும்பிய நாளில் சுங்க அலுவலர் பையைப் பார்த்து, “ஒரு லேப்டாப்தானே?” என்றார். ஆம் என்றேன், போகச் சொன்னார். அடுத்த ஞாயிறன்று படங்களை அச்சிட்டு, நெகிழி உறையில் இட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூதாட்டி கணவரின் கணக்குப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கட்டினை எடுத்துச் சென்று, வெள்ளம் எட்டாத உயரத்தில், பரண்மேல் வைத்தார். இன்று அவர் இல்லை. 2023 டிசம்பரில் மீண்டும் வெள்ளம் சூழ்ந்தபின் அவ்வீட்டாரை விசாரித்தேன். பரண் நனையவில்லை என்றார்கள்.