8 மி.மீ. மவுசர் குண்டுகளை அடையாளங்காணல்

8 மி.மீ. மவுசர் என்ற ஒரே பெயரில் இரு வேறு விட்டமுள்ள ரைபிள் குண்டுகள் உள்ளன. ஒன்றன் விட்டம் 0.318 அங்குலம் (8.08 மி.மீ.), மற்றொன்றன் விட்டம் 0.323 அங்குலம் (8.20 மி.மீ.). இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் சிறிய விட்டமுள்ள குழலில் பெரிய குண்டு செலுத்தப்பட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். தோட்டாக்களைத் தாமே நிரப்புவோர் பழைய குண்டுகளைப் பயன்படுத்தும் முன் அவற்றை அடையாளங்காண்பது இதனாலேயே இன்றியமையாததாகிறது.

இரு அளவுகள் தோன்றிய வரலாறு

1886இல் பிரான்சு புகையில்லா வெடிமருந்து கொண்ட லெபெல் ரைபிளை ஏற்றது. அதற்குப் பதிலாக செருமனி 1888இல் கெவேர் 88 ரைபிளையும் அதற்கான தோட்டாவையும் உருவாக்கியது. இத்தோட்டாவின் குண்டு வட்டமுனை கொண்டது, எடை 14.7 கிராம், விட்டம் 8.08 மி.மீ. பின்னர் குழலின் உட்புறச் சுருள் பள்ளங்கள் ஆழமாக்கப்பட்டன. 1905இல் புழக்கத்துக்கு வந்த 'எஸ்' தோட்டா, கூர்முனையும் 9.9 கிராம் எடையும் 8.20 மி.மீ. விட்டமும் உடைய குண்டைக் கொண்டிருந்தது. எடை குறைந்ததால் வேகம் மிகவும் கூடியது. தோட்டா உறையின் நீளம் மட்டும் 57 மி.மீ. என்றே நீடித்தது.

படைத்துறை மாறிய பின்னரும் பழைய அளவிலான வேட்டை ரைபிள்கள் புழக்கத்தில் இருந்தன. எனவே இரு அளவுகளும் தொடர்ந்து தயாரிக்கப்பட்டன. பழைய அளவு 'ஐ' என்றும் புதியது 'ஐ.எஸ்.' என்றும் குறிக்கப்பட்டன. காலாட்படையைக் குறிக்கும் 'ஐ' எழுத்து 'ஜே' எனத் தவறாகப் படிக்கப்பட்டு, அவ்வாறே வழக்கில் நிலைத்தது.

குழப்பத்தின் விளைவு

இரு உலகப் போர்களுக்குப் பின் ஏராளமான செருமானிய ரைபிள்கள் அமெரிக்காவை அடைந்தன. அவற்றுள் எது எந்த அளவு என்பது பலருக்குத் தெரியவில்லை. இதனால் அமெரிக்கத் தொழிற்தரம் இத்தோட்டாவின் உச்ச அழுத்தத்தை 35,000 பி.எஸ்.ஐ. (ஏறத்தாழ 240 மெகாபாசுக்கல்) என்று தாழ்வாக வரையறுத்தது. ஐரோப்பியத் தரத்தில் 'ஐ.எஸ்.' தோட்டாவுக்கு இது 390 மெகாபாசுக்கல் ஆகும்.

அடையாளங்காணும் முறை

தயாரிப்பாளரின் முத்திரை பொதுவாக உறையின் அடிப்பகுதியிலேயே இருக்கும். உறையிலிருந்து பிரிக்கப்பட்ட குண்டில் அத்தகைய குறி இல்லாமலும் இருக்கலாம். பெட்டியின் மேலுள்ள எழுத்தும் உறுதியான சான்றாகாது, ஏனெனில் பெட்டிகள் மறுபடி நிரப்பப்பட்டிருக்கலாம். ஆகவே குண்டையே சோதிக்க வேண்டும்.

• விட்டம்: குண்டின் உருளைப் பகுதியை மைக்ரோமீட்டரால் அளத்தல் முதற்படி.

• எடையும் வடிவமும்: 14.7 கிராம் வட்டமுனை 1888 வகையையும், 9.9 கிராம் கூர்முனை 'எஸ்' வகையையும் சுட்டும். பின்புறம் குறுகிய 12.8 கிராம் கூர்முனை, பிற்காலத்திய கனமான 'எஸ்.எஸ்.' வகை.

• காந்தம்: செருமானியப் படைக் குண்டுகள் பலவற்றின் மேலுறை செம்புக் கலவை பூசிய எஃகு. ஆகவே காந்தம் ஒட்டுவதால் மட்டும் உள்ளகம் எஃகு எனக் கூற முடியாது. இரும்பு ஈயத்தைவிட இலேசானது. எனவே ஒத்த பருமனுள்ள குண்டு எடை குறைந்திருந்தால் உள்ளகம் இரும்பு அல்லது எஃகாக இருக்கலாம்.

குண்டை அளப்பது பாதி வேலையே. மென்மையான ஈயத்துண்டைக் குழலினுள் தட்டிச் செலுத்தி, அதில் பதிந்த பள்ளங்களின் விட்டத்தையும் அளக்க வேண்டும். பழைய ரைபிள்களில் குழல்கள் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் ரைபிளின் பெயரை மட்டும் நம்ப இயலாது.

விட்டமும் எடையும் ஒத்திருந்தாலும் மேலுறையின் கடினமும் குழலைத் தொடும் பரப்பின் நீளமும் அழுத்தத்தை மாற்றும். ஆகவே தயாரிப்பு தெரியாத குண்டுக்கு வேறொரு குண்டின் வெடிமருந்து அளவை அப்படியே பயன்படுத்துவது பாதுகாப்பற்றது. அடையாளம் உறுதிப்படாத குண்டுகளைச் சுடப் பயன்படுத்தாமல் சேகரிப்புப் பொருளாக வைத்துக்கொள்வதே தக்கது.