குவீன்ஸ் அருங்காட்சியகமும் பெருந்தொற்றும்

நியூயார்க் நகரத்தின் ஐந்து வட்டாரங்களில் பரப்பில் பெரியது குவீன்ஸ். அங்குள்ள ஃப்ளஷிங் மெடோஸ் கொரோனா பூங்காவில், 1939 உலகப் பொருட்காட்சிக்காக நகர நிர்வாகம் எழுப்பிய மண்டபத்தில் குவீன்ஸ் அருங்காட்சியகம் இயங்குகிறது. (கொரோனா என்பது பூங்காவை ஒட்டிய குடியிருப்புப் பகுதியின் பெயர். கொரோனா நோய்த்தொற்று வருவதற்கு வெகுகாலம் முன்பே அமைந்த பெயர் அது.) 1946 முதல் 1950 வரை ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை இந்த மண்டபத்தில்தான் கூடியது. யுனிசெஃப் அமைப்பை உருவாக்கும் தீர்மானமும், பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானமும் இங்கேயே நிறைவேறின. பிறகு பனிச்சறுக்குத் தளமாகவும் இருந்தது. 1964இல் இரண்டாவது உலகப் பொருட்காட்சி வந்தபோது, பொருட்காட்சியின் தலைவர் ராபர்ட் மோசஸின் முயற்சியில் நியூயார்க் நகரம் முழுவதையும் காட்டும் மாபெரும் மாதிரி ஒன்று இதற்குள் அமைக்கப்பட்டது. 9,335 சதுர அடிப் பரப்பில், 1:1200 என்ற அளவில், ஏறத்தாழ 8,95,000 கட்டடங்களைக் கொண்ட அந்த மாதிரி இன்றும் அங்கே இருக்கிறது.

கலைக்கான இடமாக இந்த மண்டபம் திறக்கப்பட்டது 1972இல். நகரின் புகழ்பெற்ற பெரிய அருங்காட்சியகங்கள் மன்ஹாட்டனில் இருக்க, இந்த அருங்காட்சியகத்தைச் சுற்றி வாழ்ந்தவர்கள் பெரிதும் குடியேறிய மக்கள். வட்டாரத்தின் சுமார் 24 லட்சம் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள்: ஈக்வடார், மெக்சிகோ, சீனா, கொரியா, வங்கதேசம், இந்தியா என்று பட்டியல் நீளும். வட அமெரிக்காவின் தொடக்ககால இந்துக் கோயில்களுள் ஒன்றான பிள்ளையார் கோயில் 1977இல் குடமுழுக்குக் கண்டதும் குவீன்ஸின் ஃப்ளஷிங் பகுதியில்தான். இந்த அண்டைவீட்டாரில் மிகப் பலருக்கு அருங்காட்சியகம் என்பது நுழைந்து பார்த்திராத கட்டடம். அவர்களை எப்படி உள்ளே வரவழைப்பது என்பதைவிட, அவர்கள் இருக்கும் இடத்துக்கு எப்படிப் போவது என்ற கேள்வியே அந்த நிறுவனத்தின் போக்கைத் தீர்மானித்தது.

2002 முதல் 2014 வரை டாம் ஃபிங்கல்பேர்ல் இயக்குநராக இருந்த காலத்தில் அந்தக் கேள்விக்குச் செயல்வடிவம் கிடைத்தது. ஓவியங்களைத் தேர்ந்து தொங்கவிடும் வல்லுநர்களோடு, தெருவில் இறங்கி மக்களைத் திரட்டும் களப்பணியாளர்களும் சம்பளப் பட்டியலில் சேர்ந்தார்கள். கலை அருங்காட்சியகங்களில் அப்படியொரு பணியிடம் அபூர்வம். வட்டார நூலகத்தோடு சேர்ந்து, புதிதாகக் குடியேறியவர்களுக்கு அவரவர் மொழியிலேயே ஓவியமும் புகைப்படமும் கற்பிக்கும் வகுப்புகள் நடந்தன. 7ஆம் எண் ரயில் தலைக்கு மேலே ஓடும் கொரோனா பிளாசாவில் கலைவிழாக்களோடு உடல்நலப் பரிசோதனையும் தெருத் தூய்மையும் சேர்ந்து நடந்தன. லாரிகள் நின்றிருந்த அந்த இடம் 2012இல் மக்கள் கூடும் சதுக்கமானது. 2011இல் கியூபக் கலைஞர் தானியா புருகேரா ரூஸ்வெல்ட் அவென்யூவில் ஒரு கடையிடத்தை எடுத்துக் குடியேறிகளுக்கான மையம் ஒன்றைத் தொடங்கியபோது, அருங்காட்சியகம் அதில் பங்காளியாகத் துணைநின்றது. ஆங்கில வகுப்பு, சட்ட ஆலோசனை, பிள்ளைகளுக்கு இசைப் பயிற்சி எனப் பகுதிவாசிகளுக்குத் தேவையானவை அங்கே கிடைத்தன. இதெல்லாம் கலையா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. 2020இல் அந்தக் கேள்வி வலுவிழந்துபோனது.

அந்த ஆண்டு மார்ச் நடுவில், கோவிட் பெருந்தொற்றால் நகரின் அருங்காட்சியகங்கள் யாவும் மூடின. ஒரு சில வாரங்களில் குவீன்ஸ் நோயின் மையமாகிவிட்டது. கொரோனா, எல்ம்ஹர்ஸ்ட், ஜாக்சன் ஹைட்ஸ் ஆகிய நெருங்கிய குடியிருப்புகளே நகரில் மிகக் கடுமையாக அடிபட்டன. காரணம் மறைபொருள் அல்ல. சமையல்கூடம், கட்டடவேலை, வீட்டுவேலை, துப்புரவு என்று வேலைக்குப் போயே தீரவேண்டியவர்கள், ஒரே வீட்டில் பலராக வாழ்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள். எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனையில் ஒரே நாளில் 13 பேர் இறந்த செய்தி மார்ச் கடைசியில் உலகெங்கும் பரவியது. அருங்காட்சியகம் உள்ள அதே பூங்காவின் டென்னிஸ் அரங்கில் தற்காலிகப் படுக்கைகள் போடப்பட்டன.

உலகின் பல அருங்காட்சியகங்கள் அப்போது இணையத்துக்குத் திரும்பின. காட்சியறைகளைத் திரையில் சுற்றிக் காட்டின. உரைகளையும் வகுப்புகளையும் ஜூம் வழியே நடத்தின. அதே வேளையில் சில பெரிய நிறுவனங்கள் பள்ளிப் பிள்ளைகளையும் பார்வையாளர்களையும் நேரில் சந்தித்துவந்த கல்விப் பணியாளர்களை வேலையிலிருந்து நீக்கின. மக்களோடு உறவாடும் கையையே வெட்டிக்கொண்டது போன்ற செயல் அது. திரைவழிக் காட்சிக்கு நல்ல இணைய இணைப்பும், தனியே உட்காரச் சிறிது இடமும், ஓய்வான மனமும் வேண்டும். கொரோனா பகுதியில் வேலையிழந்து நின்ற குடும்பத்துக்கு முதலில் வேண்டியிருந்தது அரிசியும் பாலும் காய்கறியும். குடியேற்ற ஆவணங்கள் இல்லாதவர்களுக்கு அரசின் நிவாரணப் பணமும் எட்டவில்லை.

2020 ஜூனில், காட்சியறைகள் இன்னும் பூட்டியிருந்தபோதே, அருங்காட்சியகம் தன் இடத்தை உணவு விநியோகத்துக்குத் திறந்துவிட்டது. ஃப்ளஷிங்கைச் சேர்ந்த லா ஹோர்னாடா என்ற தொண்டமைப்போடு சேர்ந்து புதன்கிழமைதோறும் உணவுப்பொருள் வழங்கப்பட்டது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வந்தன. கண்காட்சித் திறப்புவிழாவுக்கு வந்திராதவர்கள் அந்தக் கட்டடத்தை அறிந்தது இப்படித்தான். இதை அறச்செயல் என்று மட்டும் சொன்னால் விஷயம் குறைவாகிவிடும். தொண்டமைப்புகளோடு பல ஆண்டுப் பழக்கம் இருந்ததால்தான் ஏற்பாடு விரைவில் கைகூடியது. நெருக்கடி வந்த பிறகு புதிதாகத் தேடிப்போனால் அத்தகைய நம்பிக்கை கிடைத்திருக்காது.

கலையும் அந்த மாதங்களில் கட்டடத்துக்கு வெளியேதான் வாழ்ந்தது. மே மாத இறுதியில், அருங்காட்சியகத்துக்கு அருகே பூங்காவின் வாகன நிறுத்துமிடத் தரையில் கலைஞர் ஹோர்கே ரோட்ரிகஸ் ஹெராடா முகக்கவசம் அணிந்த ஒருவரின் முகத்தை, வானிலிருந்து பார்த்தால் மட்டுமே முழுமையாகத் தெரியும் அளவில் வரைந்தார். நோய்க்குப் பலியான, டொமினிக்கன் குடியரசைப் பூர்வீகமாகக் கொண்ட மருத்துவர் இடெல்ஃபோன்சோ டெக்கூவின் முகம் அது. செப்டம்பரில் மியெர்லே லேடர்மன் யூகெலெஸின் படைப்பு வந்தது. 1977 முதல் நகரத் துப்புரவுத் துறையில் ஊதியமற்ற கலைஞராக இருந்துவருபவர் அவர். 8,500 துப்புரவுத் தொழிலாளர்களின் கைகளைக் குலுக்கி நன்றி சொன்னதையே ஒரு படைப்பாக்கியவர். 2016இல் அவருடைய வாழ்நாள் படைப்புகளைக் காட்டியதும் இதே குவீன்ஸ் அருங்காட்சியகம்தான். இப்போது நகரை உயிரோடு வைத்திருந்த தொழிலாளர்களுக்கு அவர் கைப்பட எழுதிய நன்றிமொழி, நெடுஞ்சாலையை நோக்கிய அருங்காட்சியகத்தின் கண்ணாடி முகப்பிலும், டைம்ஸ் சதுக்கத் திரையிலும், சுரங்க ரயில் நிலையத் திரைகளிலும் ஒளிர்ந்தது. அதிகாலைப் பணிக்கு ரயிலேறியவர்கள் நுழைவுச்சீட்டு இல்லாமலே அதைப் படித்தார்கள்.

நகர அருங்காட்சியகங்களுக்கு ஆகஸ்ட் இறுதியில் கால்பங்குக் கூட்டத்தோடு திறக்க அனுமதி கிடைத்தது. குவீன்ஸில் செப்டம்பரில் கதவு திறந்தது. அப்போது வைக்கப்பட்ட கண்காட்சிகளில் ஒன்று, நூறாண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் குழந்தைகள் வரைந்த படங்களைத் திரட்டிய 'விலங்குகளின் மாநாடு'. எரிக் கேஸ்ட்னர் 1949இல் எழுதிய சிறுவர் நூலிலிருந்து அந்தத் தலைப்பு எடுக்கப்பட்டது. போரும் இடப்பெயர்வும் பிள்ளைகளின் கையில் எப்படிப் பதிவாகின்றன என்பதை, பள்ளிகள் குழம்பிக்கிடந்த அந்தப் பருவத்தில் பார்க்க நேர்ந்தது. கண்காட்சிகள் திரும்பியபின்னும் உணவு விநியோகம் நிற்கவில்லை.

2021இல் அருங்காட்சியகம் 'நிச்சயமின்மையின் ஆண்டு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கலைஞர்களும் பகுதி அமைப்புகளும் சிந்தனையாளர்களும் ஒன்றாக அமர்ந்து, இந்த நிறுவனம் யாருக்காக, எப்படி இயங்க வேண்டும் என்று யோசிக்கும் ஏற்பாடு அது. நிகழ்ச்சி நிரலைப் பார்வையாளருக்கு அறிவிப்பதோடு நில்லாமல், அதை வகுப்பதிலேயே அவர்களுக்கு இடம் தரும் முயற்சியாக அது நடந்தது.