வெற்றிலையில் தெரிந்த முகம்

அம்மாவின் மூக்குத்தி தொலைந்தபோது எனக்கு எட்டு வயது. எங்கள் ஊரான பேரிகை அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று வீட்டில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. மாலூர்ப் பக்கத்திலிருந்து மை போட்டுப் பார்ப்பவர் ஒருவரை அப்பா கூட்டிவந்தார். தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஒன்றேகால் ரூபாய் தட்சணை. அவர் ஒரு வெற்றிலையை எடுத்து, நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு மையைத் தடவி, ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக் கண்ணாடிபோல் மினுங்க வைத்தார்.

கால் முன்னால் வந்து பிறந்தவர்களுக்குத்தான் மை தெரியும் என்பார்கள். நான் அப்படிப் பிறந்தவன். என்னைக் கிழக்கு பார்க்க உட்காரவைத்து இலையைக் கையில் கொடுத்தார்கள்.

"என்ன கண்ணு தெரியுது?" என்று தெலுங்கு வாடையடிக்கும் தமிழில் கேட்டார்.

"ஒண்ணும் தெரியலைங்க."

"நல்லாப் பாரு. ஒரு ஆள் நிக்குதா? பொம்பளையா?"

கண்ணில் நீர் கட்டியது. மையில் விளக்கின் சுடரும் என் முகமும் ஆடின. சுற்றிலும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "ஆமா" என்றேன்.

"செவப்புச் சீலையா?"

"ஆமா."

எங்கள் தெருவில் சிவப்புச் சேலை அடிக்கடி கட்டும் அக்கா ஒருவர்தான் இருந்தார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து மாட்டுக்குக் கழுநீர் ஊற்றும் தொட்டியைக் கழுவியபோது அடிச்சேற்றில் மூக்குத்தி கிடைத்தது. அம்மா ஓடிப்போய் அந்த அக்காவின் கையைப் பிடித்து அழுதார். அவர் கையை விலக்கிக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

மந்திரம் தெரிந்த தனியார் துப்பறிவாளரை நாயகனாக்கும் நாவல்கள் இன்று ஆங்கிலத்தில் நன்றாக விற்கின்றன. ஜிம் பட்சர் 2000-இல் தொடங்கிய வரிசையில் ஹாரி டிரெஸ்டன் சிகாகோ நகரத்துத் தொலைபேசிப் புத்தகத்தில் 'மந்திரவாதி' என்றே தன் பெயரைப் போட்டுக்கொண்டு தொழில் செய்கிறார். அதற்கு 90 ஆண்டுகளுக்கு முன்பே, 1910-இல், வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன் கார்னாக்கி என்ற பேய் துப்பறிவாளரைப் படைத்துவிட்டார். கார்னாக்கியின் சில வழக்குகளில் பேய் உண்மையாகவே வரும். சிலவற்றில் மனிதர் செய்த சூழ்ச்சி என்று முடியும். இவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மாலூர்ப் பக்கத்து மனிதர்தான் நினைவுக்கு வருகிறார். கூலி வாங்கிக்கொண்டு, தனி ஆளாக, களவுபோன பொருளை மந்திரத்தால் தேடும் தொழில் நம் ஊர்களில் கதையாக இல்லை, நடைமுறையாகவே இருந்தது. தமிழ்த் துப்பறியும் கதையின் வரலாறு அந்தத் தொழிலோடு நடந்த நீண்ட வழக்கு என்பது என் எண்ணம்.

அந்த வழக்கின் முதல் ஏடு 1894. பண்டித நடேச சாஸ்திரி 'தானவன்' என்ற போலீஸ் நிபுணனின் கதைகளை அந்த ஆண்டில் வெளியிட்டார். தமிழில் துப்பறியும் கதைக்கு அதுதான் தொடக்கம் என்று சொல்வார்கள். தென்னிந்திய நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தொகுத்து ஆங்கிலத்தில் தந்தவரும், மதனகாமராஜன் கதையை மொழிபெயர்த்தவரும் இதே சாஸ்திரிதான். ராட்சசனையும் பேசும் கிளியையும் பாட்டிமாரிடம் கேட்டு எழுதிய அதே கை, தடயம் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கும் போலீஸ்காரனையும் எழுதியது. மாயம், துப்பு என்ற இரண்டு பிள்ளைகளும் நமக்கு ஒரே வீட்டில்தான் பிறந்தன.

1908-இல் ஜே.ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' வந்தது. அதில் வந்த துப்பறியும் கோவிந்தன் வீடு வீடாகப் போனார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி மர்மக் கதைகளை எழுதிக் குவித்தார். இவர்களில் என்னை அதிகம் ஈர்த்தவர் வடுவூர் துரைசாமி ஐயங்கார். அவருடைய துப்பறிவாளருக்குப் பெயர் திகம்பர சாமியார். சாமியார் என்றால் ஞானதிருஷ்டியில் பார்த்துச் சொல்வார் என்று எதிர்பார்ப்போம். இவரோ மாறுவேடம் போடுகிறார், பின்தொடர்கிறார், ஆளை மடக்கி உண்மையை வரவழைக்கிறார். ஊர் நம்பும் கோலத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, வேலையை மட்டும் புத்தியிடம் ஒப்படைத்தார் ஐயங்கார். 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் திகம்பர சாமியார் கதையைப் படமாக எடுத்தது. எம்.என். நம்பியார் 11 வேடங்களில் நடித்தார்.

எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் பழக்கம் தந்தது சிவகாசி. 1972-இல் அங்கிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு முழுக்க மறைந்துபோகும், இரும்புக் கை மட்டும் தெரியும். எல்லாம் வல்ல மாயாவிக்கும் மறைக்க முடியாத கை ஒன்று இருக்கிறது என்பதுதான் அந்தப் படக்கதையின் அழகு. எவ்வளவு பெரிய மாயமும் ஒரு தடயத்தை விட்டுத்தான் போகும் என்று சிறுவனான எனக்கு அது சொல்லிக் கொடுத்தது.

1980-களில் ஓசூரில் லேத் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். சிப்காட்டில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் எழுந்த காலம். விடியுமுன் பேரிகையில் பஸ் ஏறினால் பாகலூர் வழியாக ஷிப்டுக்குப் போய்ச் சேரலாம். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப்பில் மாத நாவல்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். வழவழ அட்டை, உள்ளே சாணித்தாள், முதுகில் இரண்டு பின். ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் – சுசீலா, சுபாவின் நரேந்திரன் – வைஜயந்தி எல்லாரும் எங்களோடு பஸ்ஸில் வந்தார்கள். எங்கள் பக்கம் மூன்று மொழி புழங்கும் மண். கன்னடம் படிப்பவர்கள் என். நரசிம்மய்யாவின் துப்பறிவாளர் பத்தேதார் புருஷோத்தமனைப் பற்றிச் சொல்வார்கள். அந்த நரசிம்மய்யா பஸ் கண்டக்டராக இருந்தவர், 500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். தெலுங்கு வீடுகளில் எண்டமூரி வீரேந்திரநாத்தின் 'துளசிதளம்' கை மாறிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தைக்கு வைக்கப்பட்ட சூனியத்தை மருத்துவம் ஒரு பக்கமும் மந்திரம் மறுபக்கமும் எதிர்த்து நிற்கும் கதை அது.

ஒருநாள் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து படித்த நாவலில் கடைசி நான்கு பக்கம் கிழிந்துபோயிருந்தது. பஸ்ஸில் ஆளாளுக்கு ஒரு பெயரைச் சொன்னோம். நான் வேலைக்காரிதான் கொலைகாரி என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான ஃபிட்டர் அண்ணன் புத்தகத்தை வாங்கி என் மடியில் வைத்தார். "பேரை யார் வேணா சொல்லலாம் தம்பி. எதை வெச்சுச் சொல்றே, அந்தப் பக்கத்தைக் காட்டு" என்றார்.

நான் புரட்டினேன். ஒரு வரிகூட அவளுக்கு எதிராக இல்லை. பாகலூர் வரும்வரை நான் வாய் திறக்கவில்லை. எட்டு வயதில் நான் சொன்ன "ஆமா"வுக்கு எந்தப் பக்கத்தைக் காட்டுவேன்?

திருக்குறளின் 59-ஆம் அதிகாரம் ஒற்றாடல். ஒருவரை ஒருவர் அறியாதபடி ஒற்றர்களை அனுப்பி, மூவர் சொல்லும் ஒத்துப்போனால் மட்டுமே ஏற்றுக்கொள் என்று அதில் அரசனுக்குச் சொல்கிறார் வள்ளுவர். அன்று எங்கள் வீட்டில் மூன்று சொல் இல்லை. ஒரு பெரியவரின் கேள்வியும் ஒரு பிள்ளையின் பயமும் மட்டுமே இருந்தன. அரசனுக்குச் சொன்ன அந்தப் பாடத்தை எங்களைப் போன்ற ஷிப்டுத் தொழிலாளிகளிடம் கொண்டுவந்து சேர்த்தவை இந்தச் சாணித்தாள் நாவல்கள்தான். இலக்கியம் பேசுகிறவர்கள் அவற்றைக் கீழே வைத்தார்கள். நான் வைக்க மாட்டேன்.

மாயத்தை விரட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தமிழில் இந்த வழக்கை மிக நன்றாக வாதாடியவர் சுஜாதா. எங்களுக்குப் பக்கத்து ஊரான பெங்களூரில், பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். 1981-இல் குமுதத்தில் வந்த 'கொலையுதிர் காலம்' நாவலில் வக்கீல் கணேஷ் அறிவியல் பக்கம் நிற்கிறார், அவருடைய உதவியாளர் வஸந்த் அமானுஷ்யத்தின் பக்கம் சாய்கிறார். இரண்டு வாதத்துக்கும் இடம் கொடுத்து வாசகனை நீதிபதியாக்கியதால்தான் அது இன்றும் பேசப்படுகிறது. சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்து 2024-இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் சித்தர்களையும் நவபாஷாண லிங்கத்தையும் கருப்பசாமியையும் மர்மக் கதைக்குள் கொண்டுவந்தார். அவர் எழுதிய 'மர்மதேசம்' தொடர் ஒளிபரப்பான நாட்களில் எங்கள் தெருவே டிவி இருந்த வீட்டில் கூடியது. அதிலும் ஊர் நம்பும், ஒருவர் காரணம் தேடுவார். அந்தத் தேடல் இருந்ததால்தான் பயம் கதையாயிற்று.

இன்று இளைஞர்கள் மறுபடியும் மாயத் துப்பறிவாளர்களை எழுத வருகிறார்கள். வரட்டும். ஓசூர் சிப்காட்டில் ஒரு முனியை நிறுத்துங்கள், பேரிகைச் சந்தையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஒரு சித்தரை உட்காரவையுங்கள், மையில் முகம் தெரியட்டும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மந்திரவாதி ஒருவரைக் குற்றவாளி என்று விரல் நீட்டுவதற்கு முன், கதைக்குள் யாராவது ஒருவர் எழுந்து "எதை வெச்சுச் சொல்றே?" என்று கேட்கட்டும். எங்கள் வீட்டில் அன்று அதைக் கேட்க ஆள் இல்லை. அதனால் ஒரு பெண், செய்யாத களவை மூன்று மாதம் சுமந்தார்.