ஆபீஸ் வேலையா வெளியூர் போறீங்களா? சக ஊழியரோடு ஒரே ரூம்... வேண்டாம்னு சொல்ல முடியுமா? முழு விவரம்

விடியற்காலை சென்னையில் பஸ் ஏறி, நாள் முழுக்க ஆலையில் வேலை பார்த்து, ராத்திரி 9 மணிக்கு லாட்ஜ் கவுன்ட்டரில் போய் நின்றால், "சார், உங்க கம்பெனியில ஒரு டபுள் ரூம்தான் போட்டிருக்காங்க" என்று பதில் வருகிறது. கூட நிற்பவர் போன வாரம்தான் வேலையில் சேர்ந்தவர். இல்லாவிட்டால், உங்கள் மேனேஜர்.

அந்த நேரத்தில் பெரும்பாலானோர் சொல்வது ஒன்றுதான்: "பரவால்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

அட்ஜஸ்ட் பண்ணித்தான் ஆக வேண்டுமா? சட்டம் என்ன சொல்கிறது? கம்பெனியிடம் எதைக் கேட்டு வாங்கலாம்?

பெரம்பலூர், அரியலூரில் ஏன் இந்தப் பிரச்னை?

அரியலூர் மாவட்டம் முழுக்க சிமெண்ட் ஆலைகள். அல்ட்ராடெக், ராம்கோ, டால்மியா, செட்டிநாடு, அரசின் டான்செம் என வரிசையாக இருக்கின்றன. ஆலையை நிறுத்திப் பராமரிப்பு வேலை செய்யும் 'ஷட் டவுன்' சமயத்தில் வெளியூர் இன்ஜினியர்களும் டெக்னீஷியன்களும் கூட்டமாக வருவார்கள். பெரம்பலூர் பக்கம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலையும், எறையூர் சிப்காட்டில் காலணி ஆலையும் உள்ளன. இவர்களோடு ஆடிட் டீம், மெடிக்கல் ரெப், பேங்க் இன்ஸ்பெக்‌ஷன் என்று வந்து போகிறவர்களும் உண்டு.

ஆனால் இரண்டுமே சின்ன ஊர்கள். திருச்சி அளவுக்கு லாட்ஜுகள் கிடையாது. முகூர்த்த நாள் என்றால் கல்யாண வீட்டுக்காரர்களே ரூம்களை மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள். பெரம்பலூரில் ரயில் நிலையமும் இல்லை. கடைசி நேரத்தில் "வேற லாட்ஜ் பாத்துக்கறேன்" என்று கிளம்பினால் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி திருச்சிக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

தனி ரூம் தரணும்னு சட்டம் இருக்கா?

நேரடியாக இல்லை. டூர் போகும் தனியார் ஊழியர்கள் எல்லோருக்கும் தனி அறை தந்தே ஆக வேண்டும் என்று பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலும், கம்பெனியின் டிராவல் பாலிசியிலும் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அடிப்படை. பல இடங்களில் எந்த கிரேடுக்குத் தனி ரூம், எந்த கிரேடுக்கு 'ஷேரிங்' என்று பிரித்து வைத்திருப்பார்கள். பாலிசியில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை என்றால், அங்கே பேச உங்களுக்கு இடம் இருக்கிறது.

அரசு ஊழியர்களுக்கு எப்படி?

மத்திய அரசு ஊழியர்களுக்கு, 7-வது ஊதியக் குழுவுக்குப் பிறகு 2017 ஜூலையில் நிர்ணயித்த ஒரு நாள் தங்கும் செலவு உச்சவரம்பு இது:

* லெவல் 5 வரை: ரூ.450
* லெவல் 6 முதல் 8 வரை: ரூ.750
* லெவல் 9 முதல் 11 வரை: ரூ.2,250
* லெவல் 12, 13: ரூ.4,500
* லெவல் 14 மற்றும் அதற்கு மேல்: ரூ.7,500

அகவிலைப்படி 50 சதவீதம் உயரும்போது இந்தத் தொகை 25 சதவீதம் கூடும் என்பதும் விதி. அப்படிப் பார்த்தாலும் 450 ரூபாய் என்பது 563 ரூபாய்க்குள்தான் வரும். "ரூமைப் பகிர்ந்துகொள்" என்று எந்த உத்தரவும் சொல்லவில்லை. ஆனால் கையில் கிடைக்கும் தொகையே இரண்டு பேரை ஒரே ரூமுக்குத் தள்ளிவிடுகிறது. தனியாரில் டி.ஏ., பேட்டா குறைவாக வாங்குகிறவர்களுக்கும் இதே கதைதான்.

லாட்ஜ் ரூமும் 'பணியிடம்'தானா?

ஆம். பலருக்குத் தெரியாத முக்கியமான விஷயம் இதுதான். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டு சட்டத்தை 'போஷ் சட்டம்' என்பார்கள். வேலை காரணமாக ஊழியர் சென்று வரும் எந்த இடமும், அதற்காக முதலாளி ஏற்பாடு செய்யும் வாகனமும் இந்தச் சட்டத்தின்படி பணியிடம்தான். "அது ஆபீஸ் டைம் முடிஞ்ச பிறகு நடந்தது", "லாட்ஜ்ல நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்ல" என்று சொல்லி நிர்வாகம் ஒதுங்க முடியாது.

* 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் உள்ளகப் புகார் குழு கட்டாயம். அமைக்காவிட்டால் ரூ.50,000 வரை அபராதம்.
* 10 பேருக்குக் குறைவு என்றாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம்.
* சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் அவகாசம் தரலாம்.
* விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். புகார் தந்தவரின் பெயரை வெளியிடக் கூடாது.

மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்திலும் புகார் பதியலாம். உடனடி உதவிக்கு 181, ஆபத்து என்றால் 112.

பாதிக்கப்பட்டவர் ஆண் என்றால்?

போஷ் சட்டம் பெண்களுக்கு மட்டும்தான். ஆண் ஊழியருக்குத் தொல்லை என்றால் எச்.ஆரிடமும், தேவைப்பட்டால் காவல் நிலையத்திலும்தான் புகார் தர வேண்டும். ஆனால் ஒருவரது அந்தரங்க உறுப்புகளை அனுமதியின்றிப் படம் எடுப்பதும் பரப்புவதும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவுப்படி குற்றம். இதில் ஆண், பெண் வித்தியாசம் இல்லை. 3 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. உடை மாற்றும்போது 'சும்மா ஜாலிக்கு' எடுத்தேன் என்பதெல்லாம் இங்கே எடுபடாது.

ஆணும் பெண்ணும் ஒரே ரூமில் தங்கலாமா?

தங்குவது சட்டப்படி குற்றம் இல்லை. கோவையில் ஒரு தங்கும் விடுதிக்கு சீல் வைத்த வழக்கில், திருமணம் ஆகாத இருவர் ஹோட்டல் அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

ஆனால் அது சம்மதத்தோடு தங்குகிறவர்களின் உரிமை பற்றியது. அதைக் காட்டி, "செலவு மிச்சம், ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருங்க" என்று நிர்வாகம் சொன்னால் தாராளமாக மறுக்கலாம். மறுத்ததையும், வந்த பதிலையும் மெயிலில் பதிந்து வையுங்கள்.

வெளிநாடுகளில் என்ன நிலை?

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் சி-190 ஒப்பந்தம் 2019-ல் நிறைவேறி, 2021 ஜூன் 25 முதல் நடைமுறையில் உள்ளது. வேலைக்கான பயணத்திலும், முதலாளி தரும் தங்குமிடத்திலும் நடக்கும் துன்புறுத்தலை இது வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. இதில் ஆண், பெண் எல்லோரும் அடக்கம். இந்தியா இதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை.

தனி ரூம் கேட்டால் செலவு எவ்வளவு கூடும்?

உதாரணத்துக்கு, டபுள் ரூம் 1,500 ரூபாய், சிங்கிள் ரூம் 1,100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சிங்கிள் போட்டால் 2,200. வித்தியாசம் 700 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரையுள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி. 12-ல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரியோடு சேர்த்தால் 735 ரூபாய். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு இவ்வளவுதான். இந்தக் கணக்கோடு போய்க் கேட்டால் மேனேஜருக்கு "முடியாது" என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

எப்படிக் கேட்பது?

லாட்ஜ் கவுன்ட்டரில் நின்று கேட்டால் நடக்காது. டூர் உறுதியானதுமே கேட்க வேண்டும். காரணத்தை விலாவாரியாகச் சொல்லத் தேவையில்லை. இப்படி ஒரு மெயில் போதும்:

"சார், அரியலூர் டூருக்கு எனக்குத் தனி ரூம் தேவைப்படுகிறது. அது முடியாவிட்டால், இரண்டு தனிக் கட்டில் உள்ள ரூமாகப் போடவும். யாருடன் தங்குகிறேன் என்பதை முன்பே தெரிவிக்கவும்."

குறட்டை, தூக்கத்துக்கான மெஷின், இரவு மருந்து, கர்ப்பம், தாய்ப்பால் போன்ற காரணம் இருந்தால் ஒரு வரியில் சேர்க்கலாம். டாக்டர் சீட்டு இருந்தால் இன்னும் பலம்.

ஷேர் பண்ணித்தான் ஆகணுமா? அப்போ இதைக் கவனிங்க

* டபுள் ரூம் என்றால் ஒரே பெரிய கட்டிலா, இரண்டு தனிக் கட்டிலா என்று லாட்ஜுக்கு போன் போட்டுக் கேளுங்கள்.
* இருவரது அடையாள அட்டையையும் கொடுத்து, ரெஜிஸ்டரில் இருவர் பெயரும் இருப்பதை உறுதி செய்யுங்கள். கடைசி 4 எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு' ஆதாரைக் காட்டலாம்.
* பில் யார் பெயரில், யார் க்ளைம் செய்வது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரே பில்லை இருவரும் போட்டால் இருவருக்கும் சிக்கல்.
* சிகரெட், குடி, ஏ.சி., லைட் அணைக்கும் நேரம், காலையில் யார் முதலில் குளிப்பது... முதல் நாளே பேசினால் மூன்றாம் நாள் முகம் சுளிக்க வேண்டாம்.
* லேப்டாப்பை லாக் செய்யுங்கள். பணம், நகையை வெளியே வைக்காதீர்கள்.
* மேலதிகாரியோடு தங்க வேண்டியிருந்தால் வேலைப் பேச்சை ரூமுக்கு வெளியே முடித்துவிடுங்கள்.
* சங்கடமாக ஏதாவது நடந்தால் உடனே ரூமை விட்டு வெளியே வந்து, வீட்டுக்கோ எச்.ஆருக்கோ நேரத்தோடு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். பின்னால் அதுவே ஆதாரம்.

அட்ஜஸ்ட் பண்ணுவது தப்பில்லை. நல்ல நட்பு பலருக்கு இப்படிப்பட்ட ரூமில்தான் ஆரம்பித்திருக்கிறது. ஆனால் புதிதாகச் சேர்ந்தவரும் சம்பளம் குறைந்தவரும் "வேண்டாம்" என்று சொல்லத் தயங்குவார்கள் என்பது ரூம் போடுகிறவருக்கும் தெரியும். அதனால் அவர்கள் வாய் திறக்கும்வரை காத்திருக்காமல், "உங்களுக்கு ஓகேவா?" என்று புக் பண்ணும்போதே கேட்பது நிர்வாகத்தின் பொறுப்பு.