சபைக்கு வராத தீர்மானம்

வணிகத் தடை என்றதும் படித்தவர்களுக்குக் கியூபா ஞாபகம் வரும், ஈராக் ஞாபகம் வரும். எங்க பக்கம், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற சேரிகளில், அதற்குப் பெயர் ஊர்க் கட்டுப்பாடு. இதற்குக் கப்பலும் வேண்டாம், துறைமுகமும் வேண்டாம். ஒரு மளிகைக் கடை, ஒரு டீக்கடை, ஒரு மாவு மில், நாலு பம்புசெட் இருந்தால் போதும். ஆயுதம் ஒன்றுதான். ஆனால் ஒன்று சபையில் விவாதிக்கப்பட்டு வரலாறாகிறது. மற்றது கோயில் திட்டில் முடிவாகிக் காற்றோடு போகிறது. இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

முதலில் வரலாறான தடையைப் பார்ப்போம். பிரிட்டனும் பிரான்சும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்கக் கப்பல்களை நடுக்கடலில் மறித்து மாலுமிகளை இழுத்துக்கொண்டு போனது. அதற்குப் பதிலடியாக 1807 டிசம்பர் 22 அன்று குடியரசுத் தலைவர் ஜெபர்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அமெரிக்கக் கப்பல் எதுவும் வெளிநாட்டுக்குச் சரக்கு ஏற்றிப் போகக்கூடாது என்றது அந்தச் சட்டம். செனட் சபை ஒரே நாளில் 22க்கு 6 என்று நிறைவேற்றியது. கீழவை கதவைச் சாத்திக்கொண்டு பேசி 82க்கு 44 என்று நிறைவேற்றியது. 1807இல் 10 கோடியே 80 லட்சம் டாலராக இருந்த ஏற்றுமதி 1808இல் 2 கோடியே 20 லட்சமாகச் சரிந்தது. வடகிழக்குத் துறைமுகங்களில் கப்பல்கள் சும்மா நின்றன. மாலுமிகளுக்கு வேலை இல்லை. கனடா எல்லை வழியாகக் கள்ளக் கடத்தல் பெருகியது.

அந்த மக்கள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. மாசசூசெட்ஸ் உறுப்பினர் ஜோசையா குவின்சி போன்றவர்கள் சபையில் எழுந்து தடையைக் கிழித்தார்கள். ஊர் ஊராக மனுக்கள் வந்தன. பத்திரிகைகள் வைதன. 1809 மார்ச் முதல் தேதி அந்தத் தடையை விலக்கி, பிரிட்டன், பிரான்சு இரண்டு நாடுகளுக்கு மட்டும் பொருந்தும் வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். பதினைந்து மாதம்கூட அது தாங்கவில்லை. அடி வாங்கியவர்களுக்குச் சபையில் ஆள் இருந்தது. அதுதான் காரணம்.

எல்லோருக்கும் இருந்ததா? தெற்கே கிடங்குகளில் தேங்கிப் போன புகையிலையையும் பருத்தியையும் விளைவித்தவர்கள் அடிமைகள். அந்த நாட்டு அரசியல் சட்டப்படி ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டு மாநிலங்களுக்குக் கீழவை இடங்களைப் பங்கிட்டார்கள். அந்த இடங்களில் போய் உட்கார்ந்தவர்கள் அடிமைகளின் எஜமானர்கள். தலையை எண்ணினார்கள், வாயைத் திறக்க விடவில்லை. அமெரிக்க ஜனநாயகத்தின் அந்தப் பழைய கணக்கு நமக்குப் புதிதல்ல. ஊர்ப் பொதுப்பணத்துக்குச் சேரியில் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். பஞ்சாயத்தில் உட்கார மட்டும் இடம் கிடையாது.

இனி எங்க ஊர்த் தடை. 1980களின் தொடக்கத்தில் நடந்தது. மல்லாட்டை பிடுங்குகிற சமயம், சேரிப் பெண்கள் கூலியை ஏற்றிக் கேட்டார்கள். மறுநாள் சாயங்காலம் தண்டோரா போட்டார்கள். யாரும் சேரி ஆளை வேலைக்குக் கூப்பிடக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது, அவர்கள் மாடு ஊர் நிலத்தில் கால் வைக்கக் கூடாது, மீறினால் அபராதம். எங்க ஆயா அதைச் சொல்லுவார்: "உப்பு வாங்கப் போனேன். கடைக்காரன் என் மூஞ்சியப் பாக்கல. இல்லன்னும் சொல்லல, இருக்குதுன்னும் சொல்லல. காசக் கையில வெச்சிக்கினு நின்னுக்கினே இருந்தேன்." உப்பு, நெருப்புப் பெட்டி, மண்ணெண்ணெய் எல்லாம் நின்று போயிற்று. கைக்குழந்தைக்கு வாங்குகிற பாலும் நின்றது. பெண்கள் வெளிக்குப் போகிற இடம்கூட யாரோ ஒருத்தருடைய வரப்புதான். அதுவும் அடைபட்டது. அதை எந்த வரலாற்று ஆசிரியரும் வணிகத் தடையில் சேர்க்க மாட்டார். ஆயா சேர்த்துத்தான் சொல்லுவார்.

இது ஏன் இவ்வளவு சுலபமாகப் பலிக்கிறது? நிலம் அவர்களிடம் இருக்கிறது. 1892இல் பஞ்சமர்களுக்கு நிலம் ஒதுக்க வெள்ளை அரசு ஆணை போட்டது. அதற்கு அடிப்படையான அறிக்கையை எழுதிய திரமென்ஹீர், நமக்குப் பக்கத்து மாவட்டமான செங்கல்பட்டின் கலெக்டர். அப்படிக் கொடுத்த நிலத்தில் பெரும்பகுதி கை மாறிப் போயிற்று. சொந்தக் காணி இருப்பவன் ஒரு மாதம் தாக்குப் பிடிப்பான். அன்றாடம் கூலி வாங்கி அன்றைக்கு உலை வைக்கிறவள் எத்தனை நாள் பிடிப்பாள்? அமெரிக்கர்களுக்குக் கனடா இருந்தது. எங்களுக்குத் திண்டிவனம் இருந்தது. விடியலில் கிளம்பி நடந்து போய், மூட்டை தூக்கிக் கிடைத்த காசில் அரிசியும் உப்பும் வாங்கிக்கொண்டு இருட்டுகிற நேரம் திரும்பினார்கள். டவுனை நம்பிவிடலாம் என்றும் சொல்ல முடியாது. 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டது கிராமத்தில் இல்லை, விழுப்புரம் டவுனில்.

இந்தத் தடையைச் சட்டத்தின் முன் நிறுத்தியவர்களில் ஒருவர் நம்ம பக்கத்து ஆள். திண்டிவனத்திலிருந்து சென்னைச் சாலையில் வடக்கே போனால் மதுராந்தகம். அந்த வட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, கிணறு, குளம், பொது அலுவல் நடக்கும் கட்டடம் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்றது. சபை ஏற்றது, அரசும் ஆணை போட்டது. ஆனால் சாலையில் நடக்கிறவனுக்குக் கடையில் சாமான் தர மாட்டேன் என்றால் என்ன செய்வது? பம்பாய் மாகாணத்தில் அம்பேத்கரும் உறுப்பினராக இருந்த ஸ்டார்ட் குழு 1930இல் இதைத்தான் எழுதியது. உரிமையைக் கேட்டால் நிலத்திலிருந்து வெளியேற்றுகிறார்கள், வேலையை நிறுத்துகிறார்கள், கடைக்காரர் அத்தியாவசியச் சாமான்களை விற்க மறுக்கிறார் என்று.

முதல் வட்ட மேசை மாநாட்டில் அம்பேத்கரும் சீனிவாசனும் சேர்ந்து கொடுத்த அறிக்கையில் பகிஷ்காரம் குற்றம் என்று ஒரு பகுதி இருக்கிறது. நிலமோ வீடோ வாடகைக்குத் தர மறுப்பது, கூலிக்கு வேலை செய்ய மறுப்பது, வியாபாரம் செய்ய மறுப்பது எல்லாவற்றையும் அது வரையறுக்கிறது. சம உரிமைப் பகுதிக்கு அமெரிக்காவில் கறுப்பின மக்கள் விடுதலையான பிறகு 1866இலும் 1875இலும் வந்த சட்டங்களைக் கையாண்டார்கள். பகிஷ்காரப் பகுதிக்கு 1922ஆம் வருஷத்துப் பர்மா பகிஷ்காரத் தடைச் சட்டத்தைக் கையாண்டார்கள். அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அங்கே தேசியவாதிகள் அரசாங்கத்தோடு ஒத்துழைத்தவர்களை ஒதுக்கி வைத்தபோது வெள்ளையன் உடனே சட்டம் போட்டான். தன் ஆளுக்கு உப்பு நின்றால் சட்டம் வரும். சேரிக்கு உப்பு நின்றால் அது ஊர் வழக்கம்! 1935ஆம் வருஷத்து இந்திய அரசுச் சட்டத்தில் அந்தப் பகுதி இடம் பெறவில்லை.

இதே நாடு 1946 ஜூலையில் தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை நிறுத்தியது. அங்கே இந்தியர்கள் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் அடைத்த சட்டத்துக்கு எதிரான தடை அது. நியாயமான தடை. தன் ஏற்றுமதியில் சுமார் 5 சதவீதத்தை இந்தியா அதற்காக விட்டுக்கொடுத்தது. அந்த இந்தியர்கள் யார்? 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட கூலிகளின் வாரிசுகள் பெரும்பகுதி. வடஆற்காடு, தென்னாற்காட்டுச் சேரிகளிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. டர்பனில் இருக்கிற பேரனுக்காக டில்லி தடை போட்டது. திண்டிவனத்துப் பக்கம் இருக்கிற பேரன்மீது ஊர் போட்ட தடையை யாரும் கேட்கவில்லை. தடை என்பது தானாக நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. யார் யார்மீது போடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபை தீண்டாமையை ஒழிக்கும் பிரிவை ஏற்றது. 1955ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் பகிஷ்காரமும் வந்தது. பர்மாச் சட்டத்தின் சாயல் அதில் தெரியும். ஆனால் ஒரு முடிச்சு: தீண்டாமை ஒழிப்பால் கிடைத்த உரிமையைப் பயன்படுத்தியதற்காகப் பகிஷ்கரித்தால்தான் குற்றம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததற்காக என்றால் செல்லும். மல்லாட்டைக் கூலி ஏற்றிக் கேட்டதற்காக என்றால், "இது கூலித் தகராறுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நீண்ட பட்டியல் போட்டது. அதில் பகிஷ்காரம் பெயர் சொல்லி வரவில்லை. 2015 திருத்தத்தில்தான் வந்தது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களில் ஒருவர்மீதோ குடும்பத்தின்மீதோ கூட்டத்தின்மீதோ சமூக, பொருளாதாரப் பகிஷ்காரம் போட்டாலும், போடுவேன் என்று மிரட்டினாலும் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறை. மாநிலங்களவை அதை 2015 டிசம்பர் 21 அன்று விவாதம் இல்லாமல் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. கோழியாளத்துக்காரர் கேட்டதற்கும் அதற்கும் நடுவில் 85 வருஷம்.

வாஷிங்டனில் தடைக்கு யார் கை தூக்கினார்கள், யார் தூக்கவில்லை என்று இருநூறு வருஷம் கழித்தும் பெயரோடு படிக்கலாம். கோயில் திட்டுக்கு நடவடிக்கைக் குறிப்பு கிடையாது. தண்டோராவுக்கு நகல் கிடையாது. "நாங்க எதுவும் சொல்லலியே, அவங்கதான் வேலைக்கு வரல" என்று ஸ்டேஷனில் சொல்வதற்கு அதுதான் வசதி. சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டத்துக்குச் சாட்சி வேண்டும். அதனால் குறிப்பை நாம்தான் எழுத வேண்டும். எந்தத் தேதி, எந்தக் கடை, என்ன சாமான், யார் கேட்டது, யார் இல்லையென்றது, எந்த மில்லில் மாவு அரைக்கவில்லை, எந்த வரப்பில் மறித்தார்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதி, படிக்கத் தெரிந்த இரண்டு பேர் கையெழுத்துப் போடட்டும். நகலைப் போலீசுக்கும் கலெக்டருக்கும் அனுப்புங்கள், ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு கேட்டு நின்ற பெண்ணின் பெயர் அதில் முதலில் இருக்கட்டும்.