மில் ஏன் மலையடிவாரத்துக்குப் போச்சு?

சின்ன ஊரில் தொழில் நடத்துவதன் அருமை பற்றி இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். வாடகை கம்மி, காத்து நல்லாருக்கும், வேலைக்கு வந்த ஆள் நிலைச்சு நிப்பாங்க. எல்லாம் சரிதான். ஆனா, ஒரு முதலாளி எதற்காகச் சின்ன ஊரைத் தேடிப் போகிறார்? அந்தக் காரணம் தீர்ந்துபோனால் ஊர் என்ன ஆகும்? இந்த இரண்டு கேள்விக்கும் தாமிரபரணிக் கரையில் ஒரு பழைய கதை இருக்கு.

ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற சகோதரர்கள் பஞ்சு வியாபாரத்துக்காகத் தென்கோடிக்கு வந்தவர்கள். 1883-ல் திருநெல்வேலி மில்ஸ் கம்பெனியைத் தொடங்கி, பொதிகை மலையடிவாரத்தில், பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை கட்டினார்கள். நம்ம ஆட்கள் வாயில் அந்த ஊர் 'வி.கே.புரம்'.

வரைபடத்தை எடுத்துப் பாருங்க, இது வினோதமாத் தெரியும். பருத்தி விளையும் கரிசல் காடு கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம். துறைமுகம் தூத்துக்குடி. ரயில் 1876-லேயே தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் வந்துவிட்டது. மில்லோ இதுக்கெல்லாம் எதிர்த்திசையில், திருநெல்வேலிக்கு மேற்கே நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால். அம்பாசமுத்திரம் பக்கம் ரயில் எட்டிப் பார்த்தது 1900-க்குப் பிறகுதான். அதுவரை பஞ்சுப் பொதி போனதும் நூல் வந்ததும் மாட்டுவண்டியில்.

இவ்வளவு சிரமம் எதுக்கு? தண்ணிக்காக. நீராவி இயந்திரம் ஓட நிலக்கரி வேணும்; அது இந்தப் பக்கம் கிடையாது, வெளியிலிருந்து காசு கொடுத்துக் கொண்டுவரணும். பாபநாசத்தில் ஆறு மலையிலிருந்து இறங்கி விழுகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கிடைப்பதால் வற்றாத ஆறு. கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைவித்த அதே தண்ணி, மில்லின் விசைச் சக்கரத்தையும் சுத்தினது. பஞ்சை வண்டியில ஏத்தலாம். அருவியை ஏத்த முடியாது.

ஹார்விகளின் அடுத்த மில்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கோரல் மில்லைத் தூத்துக்குடியில் வைத்தார்கள், துறைமுகத்துக்காக. மதுரை மில்லை ரயில் நிலையத்தை ஒட்டியே கட்டினார்கள், ரயிலுக்காக. மூன்று மில், மூன்று காரணம். சின்ன ஊர் மேல இருந்த பிரியம் அதில் எங்கயும் இல்லை.

சரி, ஊர்க்காரர்களுக்கு? வயலை மட்டும் நம்பியிருந்த பகுதியில், மழை பெய்தாலும் பொய்த்தாலும் கைக்கு வரும் சம்பளம் பெரிய விஷயம். மில் சங்குதான் ஊருக்குக் கடிகாரம். அதே சமயம், முதலாளி ஒருத்தர்தான் என்பதும் உண்மை. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள், தூத்துக்குடி ஊரே கை கொடுத்தது, ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. துறைமுக ஊரில் வேற வேலை, வேற கடை, வக்கீல் எல்லாம் உண்டு. மலையடிவாரத்தில், மில் கேட்டை விட்டு வெளியே வந்தா வயல்தான்.

1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. அதோடு அருவியின் சக்தியைக் கம்பியிலேயே தூர ஊருக்கு அனுப்பலாம் என்றாகிவிட்டது. மில் அங்கேயே இருக்க வேண்டிய கட்டாயம் அன்றைக்கே தீர்ந்தது. ஆனா மில் போகலை. 1974-ல் மதுரா கோட்ஸ் என்று பெயர் மாறியது, ஊர் மாறலை. என் கணிப்பில், அதற்குள் இன்னொரு எடுத்துப்போக முடியாத பொருள் அங்கே சேர்ந்திருந்தது: இரண்டு மூன்று தலைமுறையாக நூல் வேலை பழகின கைகள்.

அதே மலைத்தொடரின் அடிவாரத்தில், கொஞ்சம் வடக்கே, தென்காசி பக்கம் மத்தளம்பாறை. 2011-ல் ஸோஹோ அங்கே அலுவலகம் தொடங்கியது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பின்னாளில் கலிஃபோர்னியாவிலிருந்து அங்கேயே குடிவந்தார். இங்கே கணக்கு தலைகீழ். மென்பொருள் வேலையை எங்கே வேணும்னாலும் அனுப்பலாம். ஊரை விட்டுப் போக மனசில்லாத பிள்ளைகளைத்தான் நகர்த்த முடியாது. ஹார்விகள் தண்ணியிடம் போனார்கள், இவர்கள் ஆட்களிடம் வந்தார்கள்.

அதனால், சின்ன ஊரில் ஒரு கம்பெனி வந்திருக்குன்னு கேள்விப்பட்டா ரெண்டு விஷயம் விசாரிங்க. வேற ஊருக்குப் போனா கிடைக்காதது அவங்களுக்கு இங்க என்ன இருக்கு? அவங்க கதவு ஒருநாள் சாத்தினா, தட்டுறதுக்கு இன்னொரு கதவு ஊர்ல இருக்கா? முதல் கேள்விக்கு வி.கே.புரம் நல்ல பதில் வச்சிருந்தது. ரெண்டாவதுக்கு, தூத்துக்குடிக்கு இருந்த பதில் அதுக்கு இல்லை.