பதரும் புண்ணாக்கும் வெங்காயமும்

பயனற்ற பேச்சைப் பழித்தற்கு உண்பொருளின் பெயரை எடுத்தாளுதல் பல மொழிகளிலும் காணப்படும் வழக்கு. ஆங்கிலத்திற் ‘பால்டர்டாஷ்’ என்னும் சொல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பொருந்தாக் குடிவகைகளின் கலவையைக் குறித்தது; அந்நூற்றாண்டு முடியுமுன் பொருளற்ற பேச்சின் பெயராயிற்று. 1937இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த தகரத்திலடைத்த ‘ஸ்பாம்’ இறைச்சியோ, போர்க்காலத்து மிகுதியாலும், 1970இல் ஆங்கிலத் தொலைக்காட்சி நகைச்சுவையொன்றில் அப்பெயர் ஓயாது ஒலித்தமையாலும், இன்று கணினியஞ்சலில் வந்து குவியும் குப்பைக்குப் பெயராகி நிற்கின்றது. ஒன்று கலப்பாற் கெட்டது. மற்றொன்று மிகுதியாற் கெட்டது. தமிழிற் கெட்ட சொற்களின் வரலாறு வேறு. இங்கே ‘உள்ளீடு உண்டா?’ என்பதே வினா.

மூதூரை அடுத்த கொட்டியாரப் பற்றில், கிளிவெட்டி போன்ற வயற்கிராமங்களிற் பிறந்தார்க்குப் பதர் இன்னதென விளக்க வேண்டுவதில்லை. கதிர் பூக்கும் வேளையில் நீர் குன்றினும், பால்பிடிக்கும் பருவத்திற் பூச்சி உறிஞ்சினும், மணி திரளாது உமி மாத்திரம் நிற்கும். நிற்கும்போது நெல்லுக்கும் பதருக்கும் வேற்றுமை எளிதிற் புலப்படாது. சூடு மிதித்துக் களத்திலே காற்றுக்கெதிர் சுளகெடுத்துத் தூற்றும்போதே நெல் காலடியில் விழ, பதர் அப்பாற் பறக்கும். 1660இல் இக்கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்ட இறொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில், மாடுகளைக் கொண்டு நெல் மிதிப்பித்தலை எழுதியிருக்கின்றார். பின்னாளில் இயந்திரம் வந்தது. ஆயினும் பதர் பதரே.

இக்களத்துச் சொல்லை மனிதர்மேல் ஏற்றியவருள் முதன்மையானவர் திருவள்ளுவர். பயனில சொல்லாமை என்னும் அதிகாரத்தில், பயனற்ற சொல்லைப் பாராட்டுவானை மகன் என்னாது ‘மக்கட் பதடி’ என்க என்றார். பதடி என்பது பதரே. அறிவாகிய உள்ளீடு இன்மையால் அவ்வாறு கூறினார் என்பது பரிமேலழகர் கருத்து. வீண்சொல்லையும் வெறும் உமியையும் ஒரே தராசில் நிறுத்த இவ்வுவமையினும் பொருத்தமானதை யாம் கண்டிலேம்.

புண்ணாக்கின் வழக்கு அத்துணை நேர்மையானதன்று. எள்ளையும் தேங்காயையும் செக்கிலிட்டு எண்ணெய் பிழிந்தபின் எஞ்சுவது அது. சாரம் போயிற்று என்பதுகொண்டு மூடனையும் மூடப்பேச்சையும் புண்ணாக்கு என்கின்றோம். கறவை மாட்டை வைத்திருப்பவர் இதற்கு உடன்படார்!

வெங்காயத்திற்கு நேர்ந்ததோ முழு அநீதி. வெம்மையும் காரமும் உடையது என்பதே அதன் பெயர்ப்பொருள். பெருங்காயம் என்பதிலும் அக்காயமே உளது. ‘காயம்’ உடலையும் குறித்தலின், ஏரகத்துச் செட்டியாரை விளித்துப் பாடிய தனிப்பாடலொன்று வெங்காயத்தைச் சிலேடையாக்கி, வெம்மையுற்ற இவ்வுடல் சுக்காக உலர்ந்தபின் மருந்தால் ஆவதென்ன என வினவுகின்றது. அங்கே இகழ்ச்சி உடலுக்கேயன்றி உணவுக்கன்று.

இகழ்ச்சிச் சொல்லாக இதனைத் தமிழ்கூறும் நல்லுலகெங்கும் பரப்பியவர் ஈரோட்டு வணிகர் குடும்பத்திற் பிறந்த பெரியார் ஈ. வெ. இராமசாமி (1879-1973). தாம் ஏற்காத கொள்கை எதுவாயினும் ‘வெங்காயம்’ என ஒரே சொல்லில் ஒதுக்குதல் அவர் மேடைவழக்கு. அவர் சமயக் கருத்தை மறுப்பாரும் அச்சொல்லை அவரிடமிருந்து வாங்கிக் கொண்டனர் என்பது சுவையானது. உரிக்க உரிக்கத் தோலே வரும், உள்ளே ஒன்றுமில்லை என்பது இதற்கு மக்கள் கூறும் காரணம். விரத நாளில் அடுக்களைக்குப் புறம்பாதலும் அதன் மதிப்பைக் குறைத்திருத்தல் கூடும் என்பது எம் ஊகம்.

தாவர நூலோ மக்கள் கூறும் காரணத்தை மறுக்கின்றது. நாம் தோல் எனக் கழிப்பது மேலுள்ள சில காய்ந்த ஏடுகளையே. அதனுள் அடுத்தடுத்துள்ள ஒவ்வொரு மடலும் அடுத்த பருவத்துக்கெனச் செடி சேமித்த உணவு. இலைகளின் அடிப்பகுதி தடித்து அவ்வாறாகின்றது. நடுவில் இருப்பது முளை. எனவே உரிக்கப்படுவதெல்லாம் உள்ளீடே. நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணற்றரையிற் சின்ன வெங்காயம் நட்டு நீரிறைப்பவர் விதைக்கென எடுத்துவைப்பதும் அவ்வுள்ளீட்டையே. அவரும் தம் மகனைக் கோபித்தால் ‘போடா வெங்காயம்’ என்றே ஏசுவர்.